தோற்கப் போகிறவராக நினைத்துப் படிக்க வேண்டிய தாள்: ஆடை வடிவமைப்புப் போட்டி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தொலைக்காட்சியில் நடக்கும் ஆடை வடிவமைப்புப் போட்டிக்குத் தேர்வாகிறவர்களிடம் ஒரு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஜெயிக்கப் போகிறவராகத் தன்னை நினைத்துக்கொண்டு அந்தத் தாளை யாரும் படிக்கக் கூடாது. இரண்டாவது வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆளாக நினைத்துப் படிக்க வேண்டும். 12 பேர் உள்ளே போனால் 11 பேர் பரிசில்லாமல்தான் வெளியே வருகிறார்கள். அந்த 11 பேரிடமிருந்து நிறுவனம் எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்பதில்தான் தாளின் உயிர் இருக்கிறது.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் ஒன்றில் நான் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் பாவாடை வெட்டப் பழகி, அப்புறம் என்னைத் தாண்டிப் போய்விட்ட ஒரு மாணவி சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு போட்டியில் கலந்துகொண்டாள். அவளுடைய அனுபவத்தை அவள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர், ஊர், நிகழ்ச்சி எதையும் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் நல்ல கைத்திறன் உள்ளவர்கள். அடுத்தடுத்து இந்த மாதிரி அழைப்புகள் வரத்தான் போகின்றன. அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

ஆளும் ஊரும்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். கேரளம் என்றதும் மனசில் வரும் மழை இங்கே கிடையாது. தென்னை, நிலக்கடலை, தோப்பைக் கள்ளுக்கு விட்டிருக்கும் குடும்பங்கள். துணி எடுக்கப் பொள்ளாச்சி. பெரிய கொள்முதல் என்றால் கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெரு. தையல்காரருக்கு ஆவணியில் ஓணம், ஐப்பசியில் தீபாவளி என்று இரண்டு அறுவடை. இரண்டு பக்கத்துப் பண்டிகையும் நம்முடையவை என்பது இந்த மண்ணில் தொழில் செய்கிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம்.

அவள் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கோவையில் ஆடை வடிவமைப்பு டிப்ளமா படித்து, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவள். வாங்குகிறவர் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் உருப்படியைத் தைத்துக் காட்டும் இடம் அது. அங்கே உடுப்பை வெளிப்புறம் பார்ப்பதற்கு முன் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். தையல் விளிம்பு ஒழுங்காக இல்லையென்றால் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம் அவள் கையில் ஊறிப்போனது. பிறகு ஊருக்கு வந்து கடை போட்டாள்.

அவள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குர்த்தா. உடல் பகுதிக்கு நெகமம் காட்டன். கழுத்துக்கும் கைக்கும் குத்தாம்புள்ளிக் கசவுக் கரை, அதாவது ஜரிகைக் கரை. நெகமம் பொள்ளாச்சிப் பக்கம். அந்தச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குத்தாம்புள்ளி திருச்சூர் மாவட்டத்தில் திருவில்வாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவு ஊர். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் துணியும் இந்தப் பக்கத்துத் துணியும் ஒரே உடுப்பில் சேர்ந்தது அழகு என்றால், அவள் யோசித்த உத்தி அதைவிட அழகு. காட்டனை அடிக்கடி துவைக்க வேண்டும். ஜரிகையை அப்படித் துவைத்தால் கறுத்துவிடும். அதனால் கரையைத் தனியாகத் தைத்து, உட்பக்கம் சின்னச் சின்னப் பொத்தான் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்திருந்தாள். பொத்தான் வரிசை வெளியே தெரியாமலிருக்கக் கரையின் ஓரத்தைப் பிறை பிறையாக வளைத்து வெட்டியிருந்தாள். நடிகை ஒருவர் விளம்பரத்தில் போடாவிட்டாலும், மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் துவைத்துப் போடக்கூடிய உடுப்பு அது. அந்தக் குர்த்தாவின் படம்தான் அவளைப் போட்டிக்குக் கொண்டுபோனது.

நியூயார்க் கதை

அவள் அழைப்புக் கடிதத்தோடு வந்தபோது நான் முதலில் சொன்னது ஜே மெக்காரல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் கதையை. இந்த வகைப் போட்டிகளுக்கெல்லாம் முன்மாதிரி ‘ப்ராஜெக்ட் ரன்வே’. 2004 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் பிராவோ தொலைக்காட்சியில் தொடங்கியது. மாடல் ஹைடி க்ளூம் தொகுத்து வழங்கினார். பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியின் டிம் கன் போட்டியாளர்களுக்கு வழிகாட்டி. மைக்கேல் கோர்ஸ், நீனா கார்சியா நடுவர்கள். முதல் பருவத்தில் (சீசனில்) 12 போட்டியாளர்கள். முதல் சவாலே துணிக்கடையில் இல்லை: ஒரு மளிகைக் கடைக்குள் விட்டு, 50 டாலருக்குள் கிடைக்கும் பொருட்களை வைத்து உடுப்பு செய்யச் சொன்னார்கள். ஆஸ்டின் ஸ்கார்லெட் என்பவர் மக்காச்சோள மட்டையில் ஒரு கவுன் செய்து அந்த வாரம் ஜெயித்தார். இருபது வருடம் கழித்தும் அந்தக் கவுனைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் வகுப்பில் காட்டுகிறேன். பொருளைப் புதிதாகப் பார்க்கும் கண்ணுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2005 பிப்ரவரியில் இறுதிச் சுற்று ஒளிபரப்பானது. ஜெயித்தவர் ஜே மெக்காரல். 1 லட்சம் டாலர், ‘எல்’ என்ற ஃபேஷன் பத்திரிகையில் பக்கங்கள், பனானா ரிபப்ளிக் ஆடை நிறுவனத்தில் வழிகாட்டல் என்பது பரிசு. அவர் அந்தப் பணத்தை வாங்கவில்லை. வாங்கினால் அவருடைய தொழில் வருமானத்தில் 10 சதவீதம் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போக வேண்டும், அதுவும் காலவரையின்றி, என்ற நிபந்தனை இருந்தது. 1 லட்சம் டாலரைவிடத் தன் பெயர் முழுசாகத் தன்னிடம் இருப்பது முக்கியம் என்று அவர் முடிவெடுத்தார். அடுத்த வருடம் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் சொந்தமாக ஒரு தொகுப்பைக் காட்டினார்.

இதைக் கேட்டுவிட்டு, போட்டியே ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. அதே நிகழ்ச்சியின் நான்காவது பருவத்தில் 2008-ல் ஜெயித்த கிறிஸ்டியன் சிரியானோ இன்று பெரிய பெயர். 2019 ஆஸ்கர் விழாவில் நடிகர் பில்லி போர்ட்டர் அணிந்து வந்த, மேலே கோட்டும் கீழே விரிந்த பாவாடையுமான கறுப்பு வெல்வெட் உடுப்பு அவர் செய்ததுதான். அதே வருடம் நிகழ்ச்சி பிராவோவுக்குத் திரும்பியபோது வழிகாட்டியாகவும் வந்து உட்கார்ந்தார். மேடை ஆளை ஏற்றிவிடும் என்பது உண்மை. ஏறும்போது என்ன கொடுத்துவிட்டு ஏறுகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாளில் இருந்தவை

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, இருபது பக்கத்துக்கு மேல். தமிழில் கேட்டோம். மலையாளத்தில் ஒன்றரைப் பக்கச் சுருக்கம் அனுப்பினார்கள். சுருக்கத்தில் பரிசு, படப்பிடிப்புத் தேதி, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் இருந்தன. எங்களுக்குத் தேவையான பிரிவுகள் ஒன்றுகூட அதில் இல்லை. பாலக்காட்டில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போய் வரி வரியாகப் படித்தோம். அந்த உட்கார்வில் நான் கற்றுக்கொண்டதை ஒரு தையல் ஆசிரியையாக என்றும் மறக்க முடியாது. வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொடுக்கிறோமே தவிர, தைத்தது யாருடையது என்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை.

முதலாவது, உரிமை. போட்டிக்காக அனுப்பிய, போட்டியின்போது உருவாக்கிய எல்லா வரைபடமும் மாதிரியும் உடுப்பும் நிறுவனத்துக்கே சொந்தம். உலகம் முழுக்க, என்றென்றைக்கும். இதில் ‘அனுப்பிய’ என்ற சொல்தான் ஆபத்து. விண்ணப்பத்தோடு அவள் தன்னுடைய பழைய வேலை எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கழற்றி மாட்டும் கரையும் அதில் ஒன்று. கையெழுத்துப் போட்டால் போட்டிக்கு முன் செய்ததும் அவர்கள் கைக்குப் போய்விடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதிக்கொடுப்பவருக்கு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: உரிமையை மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் மட்டும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ‘உலகம் முழுக்க, என்றென்றைக்கும்’ என்று தெளிவாக எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு உதவாது. எழுதியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, வருமானப் பங்கு. மூன்று வருடத்துக்கு அவள் வடிவமைப்புத் தொழிலில் ஈட்டும் வருமானத்தில் 10 சதவீதம். அந்த மூன்று வருடமும் வேறு தொலைக்காட்சிக்கோ துணி நிறுவனத்துக்கோ அவர்கள் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவு தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகான தடைகளுக்குத்தான் அது பலமாக உதவும். ஒப்பந்தக் காலத்துக்குள் போடும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்கின்றன என்று வழக்கறிஞர் விளக்கினார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தையல் கடைக்காரி கொச்சியில் வழக்கு நடத்துவாளா என்ற கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது.

மூன்றாவது, கதை. அவளுடைய பேச்சு, படம், குடும்ப விவரம் எதையும் வெட்டவும் சேர்க்கவும் மாற்றிக் காட்டவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அவள் ஆட்சேபிக்க முடியாது. மற்றபடி ரகசியம் காப்பது, மீறினால் லட்சக்கணக்கில் அபராதம், தொலைபேசியை ஒப்படைப்பது போன்றவை எல்லா நாட்டுப் போட்டியிலும் இருப்பவைதான். ப்ராஜெக்ட் ரன்வேயின் மூன்றாவது பருவத்தில் பேட்டர்ன் புத்தகம் (உடுப்பு வெட்டும் மாதிரி வரைபடங்கள் உள்ளது) வைத்திருந்ததற்காக ஒரு போட்டியாளரைப் பாதியிலேயே அனுப்பினார்கள். போட்டி நியாயமாக நடக்க அந்தக் கட்டுப்பாடு வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை.

கணக்கு

பரிசு 10 லட்சம் ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் பத்து லட்சம் பத்து லட்சம் என்றே பேசினார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயிக்கும் பணத்தை வருமான வரிச் சட்டம் லாட்டரிப் பரிசோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, சேர்த்தால் 31.2 சதவீதம். குறைந்த வருமானக்காரருக்கான விலக்கு இதற்குப் பொருந்தாது. போட்டிக்காகச் செலவழித்த துணி, பயணம், கடை மூடிய நஷ்டம் எதையும் கழிக்க முடியாது. ஆக 3,12,000 ரூபாய் வரிக்குப் போக, கைக்கு வருவது 6,88,000. பரிசு காராக இருந்தால் இன்னும் சிக்கல்: அதன் மதிப்புக்கான வரியைக் கட்டிய பிறகுதான் வண்டி கைக்கு வரும்.

10 சதவீதப் பங்கு எதன்மேல் என்பது அடுத்த கணக்கு. ‘வருமானம்’ என்று மட்டும் தாளில் இருந்தது. ஒரு தையல் கடையில் வருடம் 12 லட்சம் புரள்கிறது, துணி, கூலி, வாடகை, கரண்ட் போக ஒன்றரை லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் 10 சதவீதம் என்றால் 15,000 ரூபாய். மொத்த வரவில் 10 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். வருடம் முழுக்க மிஷின் மிதித்தவளுக்கு மிஞ்சுவது 30,000. ஒரே சொல்லுக்கு இரண்டு விதமாக அர்த்தம் எடுத்தால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இப்படி இடம் மாறும். நியூயார்க்கில் ஜே மெக்காரல் பரிசை விட்டது ஏன் என்று அவள் அப்பாவுக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கியது.

படப்பிடிப்புத் தேதி ஓணத்தோடு மோதியது. ஆவணியில் கடையை மூடினால் கசவுச் சேலைக்கான ரவிக்கை ஆர்டர் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒரு தடவை போன வாடிக்கையாளர் தீபாவளிக்கும் திரும்பி வர மாட்டார். முதல் வாரத்தில் வெளியேறினாலும் கடைசி வாரத்தில் வெளியேறினாலும் இந்த நஷ்டம் ஒன்றுதான். சம்பளம் என்று எதுவும் கிடையாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அவளுக்குப் போக ஆசை இருந்தது. எனக்கும் அவள் போக வேண்டும் என்றே தோன்றியது. எல்லையோரத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தி கேரளத்து மேடையில் தன் கைவேலையைக் காட்ட வேறு வழி எது? அதனால் மூன்று திருத்தம் கேட்டு எழுதினோம். போட்டிக்கு முன் செய்தவற்றைப் படத்தோடும் தேதியோடும் ஒரு இணைப்பாகச் சேர்த்து, அவை அவளுக்கே சொந்தம் என்று எழுத வேண்டும். வருமானப் பங்கு இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களுக்கு மட்டும், அதுவும் லாபத்தின்மேல் என்று இருக்க வேண்டும். குடும்பத்தைக் காட்டும் காட்சிகளை ஒளிபரப்புக்கு முன் அவளுக்குக் காட்ட வேண்டும்.

முதலாவதை ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதில் பாதி: இறுதிச் சுற்றுக்கு வராதவர்களுக்குப் பங்கு கிடையாது என்று மாற்றினார்கள், லாபமா வரவா என்பதைத் தொடவில்லை. மூன்றாவதற்கு முடியாது என்றார்கள். கேட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று எங்களைப் பயமுறுத்தியவர்கள் பலர். அப்படி எதுவும் நடக்கவில்லை. இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டதும் கிளம்பினாள்.

இடையில் இன்னொரு வேலையும் நடந்தது. வடிவமைப்புச் சட்டம், 2000-ன்படி ஒரு உடுப்பின் தோற்றத்தைப் பதிவு செய்யலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 வருடப் பாதுகாப்பு, பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். முக்கியமான நிபந்தனை: விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் அந்தத் தோற்றம் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. தொலைக்காட்சியில் வந்துவிட்டால் அதோடு முடிந்தது. இன்ஸ்டாகிராமில் போட்ட படம்கூட வெளியீடுதான். கடையில் விற்றதும் அப்படியே. அவளுடைய முதல் பிறைக் கரைக் குர்த்தா இந்த இரண்டிலும் அடிபட்டுப்போனது. சட்டம் காப்பது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் அலங்காரத்தையும்தான். கழற்றி மாட்டும் உத்தியை இதில் பதிய முடியாது. அதனால் இதுவரை யாருக்கும் காட்டாத ஒரு புதுக் கரை வடிவத்தை வரைந்து, அதற்கு விண்ணப்பித்துவிட்டு, போட்டியில் அதை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்தோம்.

படப்பிடிப்பு

முன்கதை எடுக்க ஒரு குழு ஊருக்கு வந்தது. வீடு ஓட்டு வீடுதான், ஆனால் டைல்ஸ் போட்ட சுத்தமான வீடு. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னாலிருந்த மாட்டுக் கொட்டாயில் பழைய மிஷினைப் போட்டு, அங்கே உட்கார்ந்து தைக்கச் சொன்னார்கள். அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நம்ம வீடு நல்லாத்தானுங்க இருக்குது டீச்சர், எதுக்குங்க அந்தக் கொட்டாயப் போயி படம் புடிக்கறாங்க?” என்று கேட்டார். நாங்கள் கேட்டும் கிடைக்காத மூன்றாவது திருத்தம் எதற்கானது என்பது அப்போது அவருக்கும் புரிந்தது. தோப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிற, கடன் வாங்காமல் பெண்ணைப் படிக்க வைத்த மனிதர் அவர். அவரை ஊரறிய ஏழையாக்கிக் காட்ட அந்தத் தாள் வழி விட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

முதல் வாரம் அவள் தேறினாள். இரண்டாவது வாரத்தில் ஆர்கன்சா கொடுத்து, ஒரு பகலுக்குள் மாலை விருந்துக்கான கவுன் தைக்கச் சொன்னார்கள். ஆர்கன்சா ஊடுருவித் தெரியும் துணி. விளிம்பில் நூல் பிரியும். உள்தையலின் அசிங்கம் வெளியே அப்படியே தெரியும் என்பதால் பிரெஞ்சு தையல் போடுவதுதான் முறை: முதலில் நல்ல பக்கத்தை வெளியே வைத்து ஒரு ஓட்டு, விளிம்பைக் கத்தரித்து, திருப்பி மடித்து இன்னொரு ஓட்டு. துணி சேரும் ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு மடங்கு நேரம். அவள் எல்லா மூட்டுக்கும் அதைப் போட்டாள். பக்கத்து மேசைகளில் பசைத் துப்பாக்கியும் ஊக்கும் வேலை செய்தன. மணி அடித்தபோது மற்றவர்களின் கவுன் முடிந்து நின்றது. அவளுடைய கவுனின் கீழ் மடிப்பு பாதியில் இருந்தது. நடுவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாடல் நடந்து வருவதைப் பார்த்தார்கள். உட்புறத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றே வெளியேறினாள்.

தீர்ப்பு அநியாயம் என்று நான் சொல்லவில்லை. முடிக்காத உடுப்பு முடிக்காத உடுப்புதான். திருப்பூரிலும் அதை ஏற்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு போட்டியும் வேறு வேறு திறமையை அளக்கிறது என்பதைப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். ப்ராஜெக்ட் ரன்வே வழியில் வந்த போட்டிகள் வடிவமைக்கிறவரே வெட்டி, தைத்து, நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பவை. யோசனையும் வேகமும் அங்கே முதலிடம். ஹைடி க்ளூமும் டிம் கன்னும் 2020-ல் அமேசானுக்காகத் தொடங்கிய ‘மேக்கிங் தி கட்’ வேறு வகை: போட்டியாளர் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போவார், தையல்காரர்கள் இரவில் தைத்து வைப்பார்கள். தைக்கத் தெரிந்தவரைவிடத் தைப்பவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அது சாதகம். பரிசு 10 லட்சம் டாலர். அந்த இரவுத் தையல்காரர்களின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்பூர்ப் பெண்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

மூன்றாவது வகை, பிபிசி 2013-ல் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ’. வீட்டில் தைக்கிறவர்களுக்கான போட்டி. நடுவர்கள் கிட்டே வந்து, உடுப்பைத் தொட்டு, தையலையும் ஜிப்பையும் மடிப்பையும் ஆராய்வார்கள். முதல் பருவத்தில் ஜெயித்த ஆன் ரௌலிக்கு அப்போது வயது 81. வயதான ஒரு பெண்மணியின் பொறுமையான கைக்கு மரியாதை கிடைத்த அந்த முடிவு என் வகுப்பில் எல்லோருக்கும் பிடிக்கும். என் மாணவி அங்கே போயிருந்தால் இரண்டாவது வாரம் வெளியேறியிருக்க மாட்டாள் என்று உறுதியாக நம்புகிறேன். அவள் கைக்கு ஏற்ற போட்டி அது. அவளுக்குக் கிடைத்ததோ தூரத்திலிருந்து கேமரா பார்க்கிற போட்டி. ஆர்கன்சா கையில் வந்த நிமிடமே வெளியே தெரியும் இரண்டு மூட்டுக்கு மட்டும் பிரெஞ்சு தையல், மற்றதுக்குச் சாதாரணத் தையல் என்று தீர்மானித்திருந்தால் கீழ் மடிப்புக்கு நேரம் இருந்திருக்கும். இது அவளே சொன்னது.

ஒளிபரப்புக்குப் பின்

அவள் வந்த ஒளிபரப்புப் பகுதியில் முக்கால்வாசி மாட்டுக் கொட்டாயும் கண்ணீரும்தான். பிரெஞ்சு தையல் ஒரு நொடிகூட வரவில்லை. ஆனாலும் ஊரில் சந்தோஷம். பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கல்யாண ரவிக்கை ஆர்டர் வந்தது. கொஞ்ச மாதம் கடை நிறைந்திருந்தது. அப்புறம் பழைய அளவை நோக்கி இறங்கியது, ஆனால் அதைவிடச் சற்று மேலேயே நின்றது. ஓணத்தில் இழந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

முதல் வாரத்தில் அவள் செய்த உடுப்பை நிகழ்ச்சியோடு சேர்ந்த கடையில் விற்றார்கள். அவளுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை, அது தாளில் இருந்தபடிதான். இணைப்பில் இருந்த எதையும் அவர்கள் தொடவில்லை. கழற்றி மாட்டும் கரையைக் கோவையில் யார் யாரோ தைக்கிறார்கள், அதைத் தடுக்க அவளால் முடியாது. பதிவு செய்த புதுக் கரை வடிவம் மட்டும் அவளுடையது. சான்றிதழைக் கடையில் மாட்டியிருக்கிறாள். இறுதிச் சுற்றுக்குப் போகாததால் 10 சதவீதப் பிடியும் இல்லை. இறுதிச் சுற்றுக்குப் போன ஒரு பெண் மூன்று வருடமும் அந்தக் கணக்கோடு போராடினாள் என்று அவள் வழியாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது என் வகுப்பில் ஆரி வேலையில் கெட்டிக்காரியான இன்னொரு பெண்ணுக்கு வேறொரு தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவளுக்கு உட்கார்ந்து தாளைப் படித்துக் காட்டியது முதல் மாணவிதான். பழைய வேலைகளின் இணைப்பைத் தயார் செய்துவிட்டார்கள். புது ஆரி மாதிரிகள் இரண்டை இன்ஸ்டாகிராமில் போடாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வருமானப் பங்கு இந்தத் தாளிலும் இருக்கிறது. வரவின்மேலா, லாபத்தின்மேலா என்று இதிலும் எழுதவில்லை. கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். பதில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து என்று சொல்லியிருக்கிறாள்.